முதுகுவலிக்காரங்கள பேப்பரும் சேந்து பயமுறுத்த வேணாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல முதுகுவலி பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. முதுகெலும்பு படம், அதுல கீழ ரெண்டு எலும்புக்கு நடுவுல செக்கச்செவேல்னு கலர் அடிச்சு, மேல கொட்டை எழுத்துல "தேய்மானமா? உஷார்!"னு தலைப்பு. உள்ள படிச்சா குனியாதீங்க, குடம் தூக்காதீங்க, தரையில உக்காராதீங்க, ஒருதடவை ஜவ்வு (டிஸ்க்) விலகினா விலகினதுதான், ஆயுசுக்கும் கவனமா இருக்கணும்னு வரிசையா போகுது. எழுதினவங்க நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பாங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா நான் திருப்பூர்ல பிசியோதெரபி பண்றவ. அந்தப் பக்கத்தோட பலன் திங்கக்கிழமை காலையிலயே என்கிட்ட வந்து சேந்துடுச்சுங்க, பேப்பரை கத்தரிச்சு ஸ்கேன் கவருக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க, "பாருங்க மேடம், பேப்பர்லயே போட்டிருக்கான், நீங்கதான் குனிஞ்சு நிமிரச் சொல்றீங்க"ன்னு. அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா இருக்கும், வெட்டி போட்டாலும் பரவால்ல, ஆனா நம்பர்களை மட்டும் வெட்டிடாதீங்க.

என்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசி பனியன் கம்பெனி ஆளுங்க. பவர் டேபிள்ல உக்காந்து தைக்கிறவங்க, நாள் பூரா நின்னுக்கிட்டே செக்கிங் பாக்கற பொம்பளைங்க, அயர்ன் பண்றவங்க, பேல் தூக்கறவங்க. ஆர்டர் நேரத்துல ஒன்றரை ஷிப்ட் ரெண்டு ஷிப்ட்னு ஓடற உடம்பு, முதுகு வலிக்காம இருந்தாத்தான் அதிசயம். வலி நிஜம், அதுல பேச்சே இல்ல. ஆனா ஒரே வேலை, ஒரே வயசு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி வலி, ஒருத்தர் ஒரு மாசத்துல மிஷினுக்கு திரும்ப போயிடறார், இன்னொருத்தர் வருஷக்கணக்கா பெல்ட்டை கழட்டாம வீட்டோட கெடக்கார். ஏன்னு தோண்டிப் பாத்தா, எப்பவும்னு சொல்லமாட்டேன், ஆனா ரொம்ப தடவை, அது யாரோ சொன்ன ஒரு வரியில வந்து நிக்குது. "உன் முதுகு எண்பது வயசு கெழவன் முதுகுப்பா." "இனிமே பாரம் தூக்கினா கால் விளங்காம போயிடும்." சொன்னவர் அடுத்த டோக்கனை கூப்பிட்டுட்டு மறந்துட்டார், கேட்டவர் அதை வீட்டுக்கு எடுத்துட்டு போயி தினமும் நெனச்சிட்டிருக்கார்.

அப்புறம் என்ன நடக்குதுன்னா, குனிஞ்சா ஜவ்வு பிதுங்கிடும்னு பயந்து முதுகை விறைப்பா வெச்சுக்கறாங்க, விறைப்பா வெச்சா தசை இறுகி அதுவே வலிக்குது, வலிக்குதுன்னு படுக்கறாங்க, படுக்க படுக்க இருக்கற பலமும் போயிடுது, ஒருநாள் கீழ விழுந்த சீப்பை எடுக்க குனிஞ்சா சுரீர்ங்குது, "பாத்தியா, டாக்டர் சொன்னது சரியாப் போச்சு"ன்னு பயம் இன்னும் கெட்டியாகுது. வேலைக்கு போறதில்ல, கல்யாணம் காட்சிக்கு போறதில்ல, பேரப்பிள்ளையை தூக்கறதில்ல. நாப்பது வயசு அக்கா ஒருத்தங்க சொந்த அண்ணன் பொண்ணு சீருக்கு போகல, பஸ்ல குலுங்கினா எலும்பு நகந்துடும்னு யாரோ சொல்லிட்டாங்களாம்.

இது என் அனுபவம் மட்டும் இல்ல. காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளை சலிச்சு எடுத்து தொகுக்கற உலகளாவிய அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க 2019ல கீழ் முதுகுவலிக்காரங்கள வெச்சு 60 ஆய்வுகளை, 30,000 பேருக்கு மேல, ஒண்ணா போட்டு பாத்தாங்க. கேள்வி ஒண்ணுதான்: ஆரம்பத்துல "எனக்கு சரியாயிடும்"னு எதிர்பார்த்தவங்களும் "சரியாகாது"ன்னு எதிர்பார்த்தவங்களும் பின்னாடி எப்படி இருக்காங்க? சரியாயிடும்னு எதிர்பார்த்தவங்க வேலைக்கு திரும்பற வாய்ப்பு தெளிவா அதிகமா இருந்துச்சு. நீங்க கேக்கலாம், நெஜமாவே வியாதி ஜாஸ்தியா இருக்கறவங்கதானே சரியாகாதுன்னு சொல்லியிருப்பாங்க, அப்ப எது கோழி எது முட்டைன்னு. நியாயமான கேள்வி. இதுக்கு நல்ல பதில் வெளிநாட்டுல இல்லீங்க, நம்ம கோயம்புத்தூர்லயே இருக்கு, பக்கத்துல இருக்கறது நமக்கு எப்பவும் கண்ணுக்கு தெரியாது.

கங்கா ஹாஸ்பிடல்ல டாக்டர் ராஜசேகரன், முதுகெலும்பு ஆபரேஷன்ல உலகம் பூரா தெரிஞ்ச பேரு, அவரும் அவர் குழுவும் பண்ணி 2021ல ஐரோப்பிய முதுகெலும்பு மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு. நாள்பட்ட முதுகுவலி இருக்கற 44 பேர். குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே விளக்கினாங்க, இங்க தேய்மானம், இங்க பல்ஜ் (ஜவ்வு லேசா பிதுங்கறது), இங்க கிழிசல்னு. இன்னொரு குழுவுக்கு, இதெல்லாம் சாதாரணமா வர்ற மாற்றங்கள்தான், பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. ஆறு வாரம் சிகிச்சை. ஆரம்பத்துல ரெண்டு குழுவும் சமம்தான். ஆறு வாரம் கழிச்சு பாத்தா ரிப்போர்ட்டை வரிக்கு வரி கேட்டவங்களுக்கு வலி குறைஞ்சது கம்மி, பயம் ஜாஸ்தி, நடமாட்டமும் மட்டம், என் முதுகு கெட்டுப்போச்சுங்கற நெனப்பும் ஜாஸ்தி. இதுல ரசிக்க வேண்டிய விஷயம், பயந்தது பேஷண்டு மட்டும் இல்ல. அதே ஆய்வுல 20 எம்.ஆர்.ஐ.க்கு வழக்கமான ரிப்போர்ட் ஒண்ணு, பயமுறுத்தற சொல்லை எல்லாம் எடுத்துட்டு எழுதின ரிப்போர்ட் ஒண்ணுன்னு ரெண்டு விதமா தயார் பண்ணி, எது எதோடதுன்னு சொல்லாம வைத்தியத்துறை ஆளுங்ககிட்ட குடுத்தாங்க. வழக்கமான ரிப்போர்ட்டை படிச்சப்ப வியாதி கடுமையா இருக்கு, ஆபரேஷன் தேவைப்படலாம்னு சொன்னவங்க, அதே படத்தோட மாத்தி எழுதின ரிப்போர்ட்டை படிச்சப்ப இறங்கி வந்தாங்க. படிச்சவங்களையே இந்த பாடு படுத்துதுன்னா, ஓவர்லாக் தைக்கிற பொண்ணு என்ன பண்ணும்?

ரெண்டாவது குழுகிட்ட பொய் சொல்லி ஏமாத்தினாங்களோன்னு தோணலாம். அதுதான் இல்ல, அவங்களுக்கு சொன்னதுதான் முழு உண்மை. அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆளுங்க 2015ல, முதுகுவலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகள்ல இருந்து தொகுத்தாங்க. கவனிங்க, வலியே இல்லாதவங்க. இருபது வயசுல 100க்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்துச்சு. நாப்பது வயசுல 68. அம்பதுல 80. எண்பது வயசுல 96. டிஸ்க் பல்ஜ் இருபது வயசுலயே 30 பேருக்கு, அம்பது வயசுல 60 பேருக்கு. அதாவது கல்யாண மண்டபத்துல முத பந்தியில உக்காந்து சாப்பிடற அம்பது வயசுக்காரங்க நூறு பேரை, முதுகுவலின்னே சொல்லாதவங்களா பாத்து, ஸ்கேன் எடுத்தா எண்பது பேர் கையில "தேய்மானம்"னு பேப்பர் இருக்கும். தலை நரைக்கிற மாதிரி ஒரு சமாச்சாரம், அவ்வளவுதான். நரைச்ச தலையை ஃபோட்டோ எடுத்து, கீழ "மயிர் சிதைவு நோய், நடுத்தர நிலை"ன்னு சீல் போட்டு குடுத்தா எத்தனை பேர் தூங்குவாங்க?

உங்க கட்டுரையில "ஜவ்வு விலகினா விலகினதுதான்"னு ஒரு வரி. அதுவும் தப்புங்க. பிதுங்கின ஜவ்வு சுருங்கும், அதுலயும் வேடிக்கை என்னன்னா பெருசா பிதுங்கி உடைஞ்சு வெளிய வந்ததுதான் அதிகமா கரையும், நம்ம ரத்தத்துல இருந்து வர்ற எதிர்ப்பு செல்லுங்களே அதை வேத்தாள்னு நெனச்சு தின்னுடும். 2015ல வந்த ஒரு தொகுப்புல, தனியா உடைஞ்சு விழுந்த துண்டு 96 சதவீதம் பேருக்கும், உடையாம வெளிய துருத்திட்டு இருந்தது 70 சதவீதம் பேருக்கும் ஆபரேஷன் இல்லாமலே சுருங்கியிருந்துச்சு. லேசான பல்ஜ் அவ்வளவா மாறாது, மாறணும்னு அவசியமும் இல்ல, அதான் வலி இல்லாதவங்க பாதிப்பேருக்கு அது இருக்கே. அப்புறம் கட்டாந்தரையில படுக்கச் சொல்ற அந்த பெட்டிச்செய்தி. ஸ்பெயின்ல 2003லயே 313 பேரை வெச்சு பாத்துட்டாங்க, கல்லு மாதிரி மெத்தையை விட நடுத்தரமா இருக்கற மெத்தைதான் வலிக்கு நல்லா இருந்துச்சு.

சரி, நெனப்பு எப்படி வலியை கூட்டும் குறைக்கும், இது மந்திரமா? இல்ல. ஆக்ஸ்ஃபோர்டுல 2011ல ஒரு ஆய்வு, 22 ஆரோக்கியமான ஆளுங்க, காலுல சூடு வெச்சு வலி உண்டாக்கி, டிரிப்ல ரெமிஃபென்டனில்னு ஒரு பலமான வலி மருந்து. மருந்து ஏறதுக்கு முன்னாடி வலிக்கு 100க்கு 66 மார்க் போட்டாங்க. சொல்லாமலே மருந்தை ஏத்தினாங்க, 55 ஆச்சு. "இப்ப மருந்து ஏத்தறோம்"னு சொன்னாங்க, அதே அளவு மருந்துதான், 39க்கு இறங்கிடுச்சு. அப்புறம் "மருந்தை நிறுத்திட்டோம், வலி கூடலாம்"னு சொன்னாங்க, ஆனா நிறுத்தல, மருந்து ஓடிக்கிட்டேதான் இருக்கு, வலி 64க்கு போயிடுச்சு. அவ்வளவு பலமான மருந்தோட வேலையை ஒரே ஒரு வாக்கியம் தொடச்சு எடுத்துடுச்சு. மூளை ஸ்கேன்லயும் அந்த மாற்றம் தெரிஞ்சுச்சு. உடம்புக்குள்ளயே வலியை அடக்கற ரசாயனம் சுரக்குது, அபின் வகையை சேந்தது, பயம் வந்தா அந்தக் குழாய் மூடிக்குது, மூளையில எச்சரிக்கை மணி அடிக்கற பக்கம் உசாராயிடுது. வர்ற வலி அப்பவும் நிஜ வலிதான், நடிப்பு இல்ல.

இந்த எடத்துல நான் கொஞ்சம் கோவமாவே எழுதறேன். இந்த விஷயத்தை அரைகுறையா கேட்டுட்டு "எல்லாம் உன் மனசுலதாம்மா, தைரியமா இரு"ன்னு சொல்றவங்க இருக்காங்க பாருங்க, அவங்க ஸ்கேன் காட்டி பயமுறுத்தறவங்கள விட மோசம். குறிப்பா பொம்பளைங்ககிட்ட இது ரொம்ப சுலபமா சொல்லிடறாங்க, மாமியார் சொல்றாங்க, சூப்பர்வைசர் சொல்றார், சில டாக்டருங்களும் சொல்றாங்க. எதிர்பார்ப்பு வலியை மாத்தும்னா வலிக்காரங்க தப்பு பண்றாங்கன்னு அர்த்தம் இல்ல. அவங்க எதிர்பார்ப்பு அவங்களா விதைச்சது இல்ல, நாமதான் விதைச்சோம், ஸ்கேன் சென்டர், டாக்டர், என்னை மாதிரி பிசியோ, பக்கத்து வீட்டு அக்கா, யூடியூப், பேப்பர்.

எல்லா வியாதிக்கும் இதைக் கொண்டுபோயி ஒட்டவும் கூடாது. தீராத களைப்பு நோய்னு ஒண்ணு இருக்கு, எம்.இ.ன்னு சொல்லுவாங்க, கொஞ்சம் கூடுதலா நடந்தா அடுத்த நாள் எந்திரிக்கவே முடியாது. பயத்தை விட்டுட்டு படிப்படியா உழைப்பை ஏத்துன்னு அவங்களுக்கு வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்தாங்க, 2011ல வந்த ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வும் அது நல்லதுன்னுச்சு, அதோட கணக்குல ஏகப்பட்ட ஓட்டைன்னு நோயாளிங்களே கிளம்பி சண்டை போட்டாங்க, கடைசியில 2021ல பிரிட்டன்ல சிகிச்சைக்கு வழிகாட்டுதல் போடற நைஸ் அமைப்பு அந்த மாதிரி படிப்படியா ஏத்தற உடற்பயிற்சியை குடுக்காதீங்கன்னு வழிகாட்டுதலையே மாத்திடுச்சு. கொரோனாவுக்கு அப்புறம் மாசக்கணக்கா களைப்பா இருக்கறவங்களும் என்கிட்ட வர்றாங்க, முதுகுவலிக்காரங்ககிட்ட சொல்றதை அவங்ககிட்ட நான் சொல்றதில்ல.

முதுகுவலியிலயும் தைரியம் மட்டும் சொல்லி அனுப்பக்கூடாத ஆளுங்க உண்டு. ஒண்ணுக்கு வராம நிக்கறது இல்ல அடக்க முடியாம போறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு போற எடத்தை சுத்தி மரத்துப்போறது, பாதத்தை தூக்க முடியாம செருப்பு கழண்டு கழண்டு போறது, காய்ச்சல், காரணமே இல்லாம எடை குறையறது, முன்னாடி கேன்சர் வந்திருந்தது, கீழ விழுந்து அடிபட்டது. இதுல எது இருந்தாலும் நேரா ஹாஸ்பிடல், ஸ்கேன், லேட் பண்ணவே கூடாது. நம்ம ஊர்ல முதுகெலும்பு டிபி இன்னும் இருக்கு, அதை மறந்துடக்கூடாது. இந்த லிஸ்ட்டை உங்க கட்டுரையில தேடித் தேடி பாத்தேன், இல்ல. உஷாரா இருக்க வேண்டிய விஷயத்தை விட்டுட்டு குடம் தூக்காதேன்னு உஷார்படுத்தியிருக்கீங்க.

எங்க தொழிலையும் சொல்லணும், இல்லன்னா நேர்மையா இருக்காது. 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ் முதுகுவலிக்குன்னு முதல்தடவையா வழிகாட்டுதல் போட்டுச்சு. வலியைப் பத்தி புரிய வைக்கறது, உடற்பயிற்சி, சிலருக்கு மனசு சம்பந்தமான சிகிச்சை, இதெல்லாம் சரின்னுச்சு. இடுப்பு பெல்ட்டு, எடை கட்டி இழுக்கறது, கரண்ட் வைக்கறதுல சிலது, இதையெல்லாம் வழக்கமா குடுக்க வேணாம்னுச்சு. திருப்பூர்ல கரண்ட் மிஷின் இல்லாம பிசியோ கிளினிக் நடத்திப் பாருங்க, ஈ ஓட்டணும். "கரண்ட் வைக்காமலே காசு வாங்கறாங்க"ன்னு பேரு வந்துடும். மிஷின்ல படுத்தாத்தான் சரியாகும்னு ஒரு எதிர்பார்ப்பு, தானா எக்சர்சைஸ் பண்ணா சரியாகும்னு எதிர்பார்ப்பே இல்ல. அதே ஆளுங்க சுளுக்கு வழிக்கறவர்கிட்ட போயிட்டு பாதி நிமிந்து வர்றாங்க. அவர் என்ன பண்றார், ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சு, கண்ணைப் பாத்து, "ஒண்ணும் இல்ல கண்ணு, மூணு நாள்ல சரியாப் போயிடும், போயி வேலையைப் பாரு"ங்கறார். எலும்பு முறிஞ்சவங்க அங்க போறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அது வேற. ஆனா அந்தக் கடைசி வாக்கியத்தை எம்.பி.பி.எஸ், எம்.எஸ், பி.பி.டி. படிச்ச நாங்க ஏன் அவ்வளவு தெளிவா சொல்றதில்ல? எங்களுக்கு ஆய்வே பக்கபலமா இருக்கறப்ப?

ரிப்போர்ட்லயே ஒரு வரி சேத்துட்டா போச்சுன்னு சில டாக்டருங்க சொல்றாங்க, "இந்த வயசுல வலி இல்லாதவங்களுக்கும் இது காணப்படும்"னு. நல்ல யோசனைதான், 1998லயே சொல்லப்பட்டது. ஆனா அமெரிக்காவுல ரெண்டு லட்சத்துக்கும் மேல ஆளுங்களை வெச்சு அதை சோதிச்சாங்க, 2020ல முடிவு வந்துச்சு, அச்சடிச்ச வரியால பெருசா ஒண்ணும் மாறல, பலமான வலி மாத்திரை எழுதறது மட்டும் ஒரு துளி குறைஞ்சுது. எனக்கு இதுல ஆச்சரியம் இல்ல. இங்கிலீஷ்ல அடிச்ச பேப்பர்ல பத்தாவது வரியா கெடக்கறது வேற, டாக்டர் நாக்காலியை பக்கத்துல இழுத்துப் போட்டு தமிழ்ல சொல்றது வேற. கோயம்புத்தூர்ல வேலை செஞ்சது சொன்ன விதம். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில ஒரு டாக்டருக்கு ஒரு பேஷண்டுக்கு எத்தனை நிமிஷம் கெடைக்குதுன்னு எனக்கும் தெரியும், அவங்களை மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

அதனாலதான் பேப்பருக்கு எழுதறேன். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 1997ல டிவி விளம்பரம் போட ஆரம்பிச்சாங்க, முதுகுவலின்னா படுத்துடாதீங்க, நடமாடுங்க, வேலையை விட்டுடாதீங்கன்னு, விளையாட்டு வீரருங்க, நடிகருங்க, டாக்டருங்கன்னு ஆளாளுக்கு வந்து பேசினாங்க. பக்கத்து நியூ சவுத் வேல்ஸ்ல அந்த விளம்பரம் கெடையாது. 2001ல கணக்கு பாத்தா, விக்டோரியாவுல ஜனங்க நெனப்பும் மாறியிருந்துச்சு, டாக்டருங்க நெனப்பும் மாறியிருந்துச்சு, முதுகுவலிக்காக வேலையிட நஷ்டஈடு கேக்கறது 15 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சிருந்துச்சு. நியூ சவுத் வேல்ஸ்ல ஜனங்க நெனப்பும் டாக்டருங்க நெனப்பும் அப்படியேதான் இருந்துச்சு. ஒரு மாத்திரை ஊசி புதுசா வரல, பேச்சு மட்டும்தான் மாறுச்சு. காலையில டீக்கடையில உங்க பேப்பரை நாலு பேர் சத்தமா படிக்கற ஊருங்க இது, அந்த வேலையை நீங்க செய்யலாம்.

அடுத்த தடவை முதுகுவலி பத்தி போடறப்ப அந்த செவப்பு எலும்பு படத்தை விட்டுடுங்க. அதுக்கு பதிலா வலியே இல்லாதவங்களுக்கு எந்த வயசுல எத்தனை பேருக்கு தேய்மானம் இருக்குன்னு நான் மேல சொன்ன கணக்கை கட்டம் கட்டி போடுங்க, பக்கத்துல எப்ப ஓடிப்போய் டாக்டரைப் பாக்கணுங்கற அந்த லிஸ்ட்டை போடுங்க. படம் வேணும்னா யாராவது குனிஞ்சு கோலம் போடற படம் போடுங்க. கட்டிங் எடுத்து எங்க கிளினிக் செவுத்துல நானே ஒட்டறேன், இப்ப இருக்கறது ஒரு மருந்து கம்பெனி குடுத்த காலண்டர், அதுலயும் அதே செவப்பு எலும்புதான்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
திருப்பூர்.